வெடி போச்சு

கமறியாவின் வாய்க்குப் பயப்படாத ஆள் அந்த ஊரில் கிடையாது. குவாரிக்கு வேலைக்குப் போகிற ஆண்கள் விடிந்தும் விடியாததுமாக இடியப்பம் வாங்க அவள் வாசலில் நிற்பார்கள். சம்பல் காணாது என்று ஒருவன் முனகினால் போதும், "சம்பல் காணாதெண்டா ஒங்கட உம்மாட்டப் போய்க் கேளு, இங்க வந்து மூக்கால அழாத" என்று வாங்கிக் கட்டிக்கொண்டுதான் போவான். ஏச்சு வாங்கியவனே மறுநாளும் முதல் ஆளாக வந்து நிற்பான். அவள் இடியப்பத்துக்கு அப்படி ஒரு ருசி. ஏச்சிலும் ஏதோ ருசி இருந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவ்வளவு பேர் அதை நின்று கேட்பார்களா?

ஊர் என்றால் பெரிய ஊர் இல்லை. புத்தளத்திலிருந்து எலுவன்குளம் போகிற ரோட்டில், கடலேரியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, பற்றைக் காட்டை வெட்டி எழுப்பிய கொஞ்ச வீடுகள். அதற்குப் பின்னால் சுண்ணாம்புக்கல் குவாரி. கமறியாவின் புருசன் லாபிருக்கு அங்கேதான் வேலை. பாறைக்கு வெடி வைக்கும்போது ரோட்டில் சிவப்புக் கொடியோடு நின்று பஸ்ஸையும் ஓட்டோவையும் மறிப்பான். மனைவி சத்தம் போடுகிற வீட்டில் பேசாமல் இருந்து பழகியவனுக்கு வாய் திறக்காமல் செய்கிற வேலை கிடைத்தது பொருத்தம்தான்.

வாரத்தில் சில நாள் பிற்பகலில் வெடி போடுவார்கள். முதலில் நீளமாக ஒரு சைரன் ஊதும். வீட்டுக்குள் இருக்கிறவர்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்துவிடுவார்கள். பிறகு நிலத்துக்குக் கீழே ஓர் உறுமல். அலுமாரிக்குள் பீங்கான் கிலுங்கும், சுவரிலிருந்து சுண்ணாம்பு உதிரும், கிணற்றுத் தண்ணீர் நடுங்கும். அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் சைரன் விட்டுவிட்டு இரண்டு தரம் ஊதியதும் தாய்மார் எல்லாரும் ஒரே வார்த்தையைக் கத்துவார்கள்: "வெடி போச்சு, உள்ள வா!"

அந்த ஊரில் அந்த வார்த்தை வெடிக்கு மட்டும் உரியதாக நிற்கவில்லை. பரீட்சை எழுதி முடித்துவிட்டு வருகிற பிள்ளை "வெடி போச்சு" என்று புத்தகப் பையை எறியும். மாமியார் பஸ் ஏறிப் போனால் மருமகள் பக்கத்து வீட்டுக்காரிக்கு வேலிக்கு மேலால் சொல்வதும் அதைத்தான். யுத்தம் முடிந்துவிட்டதாக றேடியோவில் சொன்ன அன்று லாபிர் சேர்ட்டைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, "வெடி போச்சு, கமறியா" என்றான். பயம் வந்தது, போய்விட்டது, இனி உள்ளே போகலாம் என்று அர்த்தம்.

ஆனால் கமறியா வெடிக்கு வெளியே வருகிறவள் இல்லை. சைரன் ஊதினாலும் அடுப்படியிலேயே இருப்பாள். "நான் ஓட வேண்டியதெல்லாம் சின்னதிலயே ஓடி முடிச்சிட்டன்" என்பாள்.

அது வெறும் வாய்ப்பேச்சு இல்லை. தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து முஸ்லிம்கள் எல்லாரையும் இயக்கக்காரர்கள் துவக்கு முனையில் போகச் சொன்னபோது அவளுக்குப் பதின்மூன்று வயது. மூன்று வயதுத் தங்கச்சி ஷிம்லாவை இடுப்பில் வைத்துக்கொண்டு தோணியில் ஏறினாள். கல்பிட்டிக்கு வரும்வரை மழை விடவில்லை. கரையில் இறங்கியும் ஒதுங்க இடமில்லாமல், உடுத்த ஈரத்தோடு ஒரு மரத்தின் கீழ் விடியும்வரை இருந்தார்கள். உம்மாவுக்கு அன்று பிடித்த சளி நெஞ்சில் இறங்கி, முகாமில் ஓலைக் கொட்டிலுக்குள் மாதக்கணக்காக இருமி இருமி, ஒருநாள் விடியச் சுபஹு நேரம் மூச்சு நின்றுபோனது. வாப்பா அதற்குமுன்பே போய்ச் சேர்ந்திருந்தார். "எங்கட உம்மாவத் துவக்குக் கொல்லல்ல, ஓட்டமும் ஈரமும்தான் கொன்னது" என்று கமறியா வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு ஷிம்லாவுக்கு உம்மாவும் அவள்தான், வாப்பாவும் அவள்தான். புத்தளம் உப்பளத்தில் வெயிலில் நின்று உப்புப் பொருக்கை வாரிக் கூடையில் சுமந்து அவளை வளர்த்தாள். அதனால்தானோ என்னவோ, ஷிம்லா எதற்கும் அக்காவைக் கேட்காமல் கையை நீட்ட மாட்டாள். "ராத்தா, இந்தச் சட்டையப் போடட்டா?" "ராத்தா, அவங்கட வீட்டுக்குப் போகட்டா?" கலியாணம் முடித்த பிறகும் அப்படித்தான். முபாரிஸ் என்கிற அந்த மனிதன் அவளையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டுச் சிலாபத்தில் வேறொருத்தியோடு போய் இருந்தபோதுகூட, "ராத்தா, நான் அழட்டா?" என்று கேட்டிருப்பாள். கமறியா விடவில்லை. "அவனுக்காக ஒரு சொட்டுத் தண்ணி ஒண்ட கண்ணில இருந்து வந்தா நான் ஒன்ன வெளுப்பன்" என்று சொல்லி, பிள்ளையையும் அவளையும் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். கமறியாவுக்குப் பிள்ளை இல்லை. அந்தப் பிள்ளை நிஃப்லா அவள் கையில்தான் நடை பழகியது.

யுத்தம் முடிந்த பிறகு மன்னாருக்குத் திரும்பிப் போக நிறையப் பேர் மூட்டை கட்டினார்கள். கமறியா அசையவில்லை. "வெரட்டக்குள்ள ஓடினம், இப்ப கூப்பிடக்குள்ளயும் ஓடவா?" என்று கேட்டாள்.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டில், சித்திரைப் புதுவருடத்துக்குக் கொஞ்ச நாள் முன்பு, ஒரு மத்தியானம் வீடு லேசாக ஆடியது. கமறியா அகப்பையும் கையுமாக வெளியே வந்து, ரோட்டில் நின்ற லாபிருக்குக் கேட்கும்படி கத்தினாள்: "சைரன் ஊதாம வெடி போட்டா புள்ளகள் பயப்படாதா? ஒங்கட ஐயாமாருக்கு மூள இல்லையா?" லாபிர் விழித்தான். அன்று குவாரியில் வெடியே வைக்கவில்லை. சுமாத்திராப் பக்கம் நடுக்கடலில் பூமி அதிர்ந்ததாகவும் சுனாமி வரலாமென்றும் ரீவியில் சொன்னார்கள். ஊரே பிள்ளைகுட்டிகளோடு வண்ணாத்திவில்லுப் பக்கம் ஓடியது. கமறியா ஓடவில்லை. ஷிம்லாவையும் பிள்ளையையும் உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டு மீன் பொரித்தாள். கடல் வரவில்லை. பின்னேரம் ஓடியவர்கள் ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்துகொண்டு திரும்பி வந்தபோது அவள் எல்லாருக்கும் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்து, ஒருத்தர் விடாமல் நக்கலடித்தாள். பக்கத்து வீட்டு ஹஃபீலா ஒற்றைக் கோழியைத் தூக்கிக்கொண்டு, சொந்தப் பிள்ளையை விட்டுவிட்டு ஓடிய கதையை ஊர் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறது. அன்றிலிருந்து ஷிம்லாவுக்கு ராத்தாவின் வாக்கு என்றால் வேதவாக்கு.

பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் ஷிம்லா வீட்டுவேலைக்குக் குவைத்துக்குப் போனாள். அந்த வீட்டு எஜமானியின் தாய் துருக்கிக்காரி. வயதானவள், மலாத்தியா என்கிற ஊரில் தனியாக இருந்தாள். அந்தக் கிழவியைப் பார்த்துக்கொள்ளக் கடைசியில் ஷிம்லாவை அங்கே அனுப்பினார்கள். நாலாம் மாடி வீடு. பனிக்காலத்தில் யன்னலுக்கு வெளியே எல்லாம் வெள்ளையாகக் கிடக்கிறதைப் போனில் காட்டுவாள். பனிக்குக் காலில் போடக் கிழவி வாங்கிக் கொடுத்த கறுத்தச் சப்பாத்தையும் ஒருநாள் காட்டினாள். உள்ளே கம்பளி வைத்த நல்ல சப்பாத்து. போட்டால் பழுதாகிவிடும் என்று பெட்டியோடு அலுமாரிக்கு மேலே வைத்திருந்தாள். "வரக்குள்ள போட்டுட்டு வருவன்" என்றாள். "இந்த மணலுக்கயா?" என்று நிஃப்லா விழுந்து விழுந்து சிரித்தாள்.

இரண்டாயிரத்து இருபத்து மூன்று மாசி மாதம், ஒரு திங்கட்கிழமை காலை. இடியப்ப வியாபாரம் நடக்கிற நேரம் போன் அடித்தது. ஷிம்லாவின் குரல் நடுங்கியது. "ராத்தா, பெரிய பூமியதிர்ச்சி. கட்டில் சுத்திச்சு. கிழவியத் தோளில போட்டுக்கிட்டு மாடியால எறங்கி வந்திட்டன். ரோட்டில நிக்கிறம், இன்னும் விடியல்ல, பனி கொட்டுது." கமறியா இடியப்பத் தட்டைக் கீழே வைத்தாள். பயத்தைக் குரலில் காட்டவில்லை. "ஒனக்கு ஒண்டும் இல்லதானே? அல்லாஹ் காப்பாத்திட்டான். அழாத" என்றாள்.

பகல் முழுக்க ரீவி முன்னால் லாபிர் இருந்தான். இடிந்த கட்டிடங்களைக் காட்டிக்கொண்டே இருந்தார்கள். கமறியா ஒரு தரம் வந்து பார்த்துவிட்டு, "அத நிப்பாட்டுங்க" என்று ஏசிவிட்டுக் குசினிக்குள் போனாள். ஷிம்லா தப்பிவிட்டாள். இனி என்ன? அன்று குவாரியில் வெடி இல்லை. ஊர் அமைதியாகக் கிடந்தது.

பின்னேரம், நிஃப்லா பள்ளிக்கூடம் விட்டு வந்து கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது மறுபடி கோல் வந்தது.

"ராத்தா, போனில சார்ஜ் முடியப் போகுது. காலு விறைச்சுப் போச்சு ராத்தா. வீட்டுச் செருப்போடதான் எறங்கி வந்தன், முழுக்க ஈரம். கிழவிய ஒருத்தர்ட காருக்குள்ள இருக்க வச்சிரிக்கி. அவட மருந்து மேல வீட்டில. காலையில இருந்து சின்னச் சின்னதா ஆடிக்கிட்டே இரிக்கி. சனம் ஒண்டு ரெண்டு உள்ள போய்ச் சாமான் எடுத்துட்டு வருது. நானும் போகட்டா?"

"கட்டிடம் நிக்குதா?"

"நிக்குது. செவரில வெடிப்பு விட்டிரிக்கி."

"இங்க எந்தச் செவரில வெடிப்பு இல்ல? இந்த வீடு எத்தின தரம் ஆடியிரிக்கி, விழுந்திச்சா?"

போனுக்குள் காற்று இரைந்தது. பிறகு ஷிம்லா, அந்த ஊர்ப் பிள்ளைகள் கேட்கிற மாதிரியே கேட்டாள்: "ராத்தா, வெடி போச்சா?"

"வெடி போச்சு, புள்ள. காலையிலயே போச்சு. பெரிசு போனதுக்குப் பொறகு என்ன இரிக்கி? ஈரத்தில நிண்டு நிண்டு உம்மாக்கு நடந்தது ஒனக்கும் நடக்கணுமா? உள்ள போ. மருந்த எடுத்துக் குடு, சூடா ஏதாவது குடி."

கிணற்றடியிலிருந்து நிஃப்லா கத்தினாள்: "பெரியும்மா! உம்மாவ அந்தக் கறுத்தச் சப்பாத்தப் போடச் சொல்லுங்க! அலுமாரிக்கு மேல இரிக்கி! எடுத்துப் போட்டுட்டுத்தான் வெளிய வரணும் எண்டு சொல்லுங்க!"

கமறியாவின் காதுக்குள் ஷிம்லா சிரிப்பது கேட்டது. அவ்வளவு குளிருக்குள்ளும் சிரித்தாள். "அது என்ட நிஃப்லாவா? சொல்லுங்க ராத்தா, போடுறன் எண்டு. என்ட மகள் சொன்னா உம்மா கேப்பன் எண்டு சொல்லுங்க."

லைன் கட்டாகிவிட்டது.

அதைப் பிள்ளையிடம் சொல்ல வேண்டும் என்றுதான் கமறியா திரும்பினாள். அதற்குள் அடுப்பில் சோறு பொங்கி வழிந்தது. ஓடிப்போய் மூடியைத் தூக்கினாள், கையைச் சுட்டுக்கொண்டாள், பிறகு பள்ளிவாசலில் அசர் பாங்கு சொன்னார்கள். சொல்ல மறந்துபோனாள்.

அசர் தொழுகை முடியவும் லாபிர் வாசலில் வந்து நின்றான். முகம் வெளிறியிருந்தது. "திரும்பியும் ஆடியிருக்காம்" என்றான். "காலையில மாதிரியே பெரிசாம். இந்தத் தரம் மலாத்தியாப் பக்கம்தானாம்."

கமறியா போனை எடுத்தாள். அடித்துப் பார்த்தாள். அடித்துக்கொண்டே இருந்தாள். ஏதோ ஒரு பெண் குரல் துருக்கிப் பாசையில் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னது. "சார்ஜ் இல்ல, அதுதான்" என்று எல்லாருக்கும் சொன்னாள். வந்தவர் போனவர் எல்லாருக்கும் அதையே சொன்னாள். மறுநாளும் சொன்னாள். இடியப்பம் அவிப்பதை நிறுத்தவில்லை. ஆனால் யாரையும் ஏசவில்லை. வாங்க வந்தவர்களுக்கு அதுதான் பயமாக இருந்தது.

நாள்கள் இழுத்தன. நிஃப்லா சாப்பிடவும் இல்லை, அழவும் இல்லை. ரீவியில் இடிபாட்டுக்குள்ளிருந்து யாரையாவது உயிரோடு இழுத்தெடுத்தால் எழும்பிப் போய்ப் பக்கத்தில் நின்று முகத்தைப் பார்ப்பாள். பிறகு திரும்பி வந்து சுவரோடு இருந்துகொள்வாள்.

கடைசியில் குவைத்திலிருந்து மர்ளியா கோல் எடுத்தாள். கல்பிட்டிக்காரி, ஷிம்லாவோடு ஒரே வீட்டில் வேலை செய்தவள். கமறியா போனைக் காதோடு அழுத்திக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போனாள். கட்டிடம் முழுவதும் இடிந்து போனதாம். காருக்குள் இருந்த கிழவிக்கு ஒன்றும் இல்லையாம். ஷிம்லாவைக் கிழவியின் படுக்கை அறை இருந்த இடத்தில் எடுத்தார்களாம். அங்கேயே தொழுது அடக்கிவிட்டார்கள். "ஒரு காலில சப்பாத்து இருந்திச்சாம் ராத்தா" என்று மர்ளியா அழுதாள். "மத்தச் சப்பாத்து கையில இருந்திச்சாம்."

கமறியா மௌத்துச் செய்தியை மட்டும் ஊருக்குச் சொன்னாள். சப்பாத்தைப் பற்றி லாபிருக்குக்கூடச் சொல்லவில்லை.

பள்ளிவாசலில் உடல் இல்லாமலேயே காயிப் ஜனாஸாத் தொழுகை நடத்தினார்கள். வீடு நிறையச் சனம். கத்ர், விதிப்படி நடந்தது என்றார்கள், ஷஹீதுடைய மௌத் என்றார்கள், அவள் சுவர்க்கவாசி என்றார்கள். கமறியா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு பாயில் இருந்தாள். அப்போதுதான் ஹஃபீலா பெருமூச்சு விட்டு, "அந்த ஊரில என்னென்ன பாவம் நடந்திச்சோ, நிலம் சும்மா ஆடுமா?" என்றாள்.

"பாவத்துக்குத்தான் நிலம் ஆடுதெண்டா ஹஃபீலா, ஒண்ட நாக்குக்கே இந்த ஊர் எப்பவோ கடலுக்குள்ள போயிருக்கும்!" என்று கமறியா எழும்பினாள். "என்ட தங்கச்சி என்ன பாவம் செஞ்சா? சொல்லு! ஏன் அங்க ஆடணும்? ஏன் இங்க ஆடல்ல? கொழும்பில நடக்காத பாவமா அங்க நடந்திச்சு?"

அன்றிலிருந்து அந்தக் கேள்வி அவளைப் பிடித்துக்கொண்டது. ஏன் அங்கே? மௌலவியைக் கேட்டாள், அல்லாஹ் அறிந்தவன் என்றார். குவாரியில் பாறைக்கு வெடிமருந்து வைக்கிற ஹாசிமைக் கேட்டாள். "எங்கட வெடி நிலத்திட தோலுரிக்கிறது, அது வேற ராத்தா, அது ஆழத்தில இருந்து வாறது" என்றான். எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் சொன்னார்கள். அவளுடைய பசிக்கு ஒன்றும் போதவில்லை. லாபிர் மட்டும் அவளிடம் ஒன்றும் சொல்லவுமில்லை, கேட்கவுமில்லை. நீ ஏன் அவளை உள்ளே போகச் சொன்னாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவள் அவன் சேர்ட்டைப் பிடித்துக்கொண்டு கத்தி அழுதிருப்பாள்.

மௌத்துச் சான்றிதழ் விசயமாகப் புத்தளத்தில் கந்தோருக்கு வரச் சொல்லியிருந்தார்கள். நிஃப்லாவையும் கூட்டிக்கொண்டு போனாள். வேலை முடிந்து வெளியே வந்தபோது எலுவன்குளம் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. இருவரும் நடந்து நடந்து உப்பளக் கரைக்கு வந்துவிட்டார்கள். வெயில் கொளுத்தியது. பாத்திகளில் உப்பு விளைந்து பொருக்குத் தட்டியிருந்தது. ஒரு காய்ந்த வரம்பில் இருந்தார்கள்.

"நீ புவியியல் படிக்கிறதானே" என்றாள் கமறியா. "ஒங்கட புத்தகத்தில இதுக்கு ஒண்டும் போடல்லையா? ஏன் அங்க?"

நிஃப்லா உப்புப் பொருக்கில் ஒரு துண்டை உடைத்துக் கையில் எடுத்தாள். பிறகு பாத்தியைப் பார்த்துக்கொண்டே பேசத் தொடங்கினாள். பரீட்சைக்கு ஒப்புவிக்கிற குரல்.

"பூமிட மேல்பக்கம் ஒரே துண்டில்ல பெரியும்மா. இந்தா, இந்தப் பொருக்கு மாதிரி, துண்டு துண்டா இரிக்கி. புவித்தகடு எண்டு சொல்ற. அதுகள் நகந்துகிட்டே இரிக்கி, நகம் வளருற வேகத்தில. துண்டுட நடுவில இருக்கிறவங்களுக்கு ஒண்டும் தெரியாது. ஓரத்தில இருக்கிறவங்களுக்குத்தான் ஆபத்து. ஒரு துண்டும் மத்தத் துண்டும் முட்டுற இடம் அதுதானே. நாங்க நடுவில இரிக்கிறம். எங்கட ஓரம் ஒரு பக்கம் இமயமலை, ஒரு பக்கம் சுமாத்திரா. நடுவிலயும் எப்பவாவது ஆடும், ஆனா அது அபூர்வம். துருக்கி ஓரத்தில இரிக்கி. தெக்கால இருந்து அரேபியத் தகடு தள்ளுது. வடக்கால இருக்கிற பெரிய தகடு விட்டுக் குடுக்காது. நடுவில துருக்கி நசியுது."

"தள்ளினா தள்ளட்டும். ஏன் திடீரெண்டு ஆடணும்?"

"பாறை எண்டபடியா லேசில வழுக்காது. இறுகிப் போய் நிக்கும். நூறு வருசம், இருநூறு வருசம் நிக்கும். தாங்க ஏலாமப் போன அண்டைக்கு ஒரேயடியா நழுவும். ஒரு இடம் நழுவினா அந்தப் பாரம் பக்கத்து வெடிப்புக்குப் போகும். அதுவும் இறுகி நிண்டதெண்டா..." அவள் நிறுத்தினாள். "அதுதான் மத்தியானம் போனது."

"பன்னெண்டாம் வருசம் கடல் வரல்லையே. நான் ஓடாம இருந்தனே."

"அது பக்கவாட்டில நழுவினது. மேல கீழ போகல்ல. அதால கடல் எழும்பல்ல."

கமறியா உப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து வருடம் அவள் தைரியம் என்று நினைத்து ஊருக்கெல்லாம் சொல்லித் திரிந்தது தைரியமே இல்லை. அன்று கடலுக்கடியில் நிலம் எந்தப் பக்கம் நழுவியது என்பதுதான் விசயம். அது தெரியாமல் ஒரு பிளேன்டீயை ஊற்றிக்கொடுத்துக்கொண்டு எத்தனை பேரை நக்கலடித்தாள்!

"குவாரி வெடி மனுசன் வைக்கிறது பெரியும்மா" என்றாள் நிஃப்லா. "வச்ச மருந்து முடிஞ்சா முடிஞ்சிச்சு. அங்க முடிஞ்சிச்செண்டு சொல்றதுக்கு ஆரு இரிக்கி?"

"இதெல்லாம் ஒனக்கு எப்ப தெரியும்?"

அப்போதுதான் அந்தப் பிள்ளையின் முகம் உடைந்தது.

"முந்தியே தெரியும். போன தவணைப் பரீட்சையில வந்திச்சு. சில இடங்களில் மட்டும் பூமியதிர்ச்சி அதிகமாக ஏற்படுவது ஏன் எண்டு. எனக்குத்தான் கூடின புள்ளி. பெரிசு ஒண்டு வந்தா பின்னாலயும் வரும் எண்டும் எழுதினன் பெரியும்மா. டீச்சர் வகுப்பில வாசிச்சுக் காட்டினா. ஆனா உம்மா கோல் எடுக்கக்குள்ள எனக்கு அதில ஒரு வரியும் ஞாபகம் வரல்ல. காலையில ரீவியில பாத்தும் வரல்ல. நீங்க வெடி போச்சு எண்டு சொன்னீங்க, எனக்கும் வெடி போச்சு எண்டுதான் இருந்திச்சு."

"சொன்னது நான் மகள், நீயில்ல. உள்ள போகச் சொன்னது நான். அது என்ட தலையில. ஒண்ட தலையில இல்ல."

"மருந்து மேசையிலதானே இரிக்கி. எடுத்துக்கிட்டு ஒரு நிமிசத்தில எறங்கியிருப்பா. நான்தான் சப்பாத்து எண்டு கத்தினன். கதிரை வச்சு ஏறி, பெட்டிய எறக்கி, காலத் தொடச்சு..." மூச்சு அவளுக்கு இழுத்தது. அந்த இழுப்பைக் கேட்டதும் கமறியா அவள் முதுகில் கையை வைத்தாள். முகாமில் உம்மாவிடம் கேட்ட சத்தம் அது. "அதுக்குத்தான் சுணங்கியிருப்பா. நான் சும்மா இருந்திருந்தா உம்மா வந்திருப்பா."

பிறகு அவள் முகத்தைத் திருப்பி, இத்தனை நாளும் கேட்காததைக் கேட்டாள்.

"பெரியும்மா, உண்மையச் சொல்லுங்க. நான் கத்தினது உம்மாக்குக் கேட்டிச்சா?"

கமறியாவின் காதுக்குள் அந்தச் சிரிப்பு இன்னும் இருந்தது. காற்றின் இரைச்சல், பல் அடித்துக்கொள்கிற குளிர், எல்லாவற்றுக்கும் மேலே அந்தச் சிரிப்பு.

"இல்ல மகள்" என்றாள். "கேக்கல்ல. நீ வாயத் திறக்கக்குள்ளயே லைன் கட்டாப் போச்சு. சப்பாத்துக் கதையே அவளுக்குத் தெரியாது."

நிஃப்லா அவள் முகத்தையே பார்த்தாள். ஒரு சின்ன அசைவையும் விடாமல் பார்த்தாள். கமறியா பார்வையை எடுக்கவில்லை. கடைசியில் பிள்ளை அவள் மடியில் கவிழ்ந்து, அந்தச் செய்தி வந்த நாளுக்குப் பிறகு முதல் தடவையாக வாய்விட்டு அழுதாள். உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். கமறியா முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

அழுகை ஓய நிறைய நேரம் எடுத்தது. முக்காட்டு நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிஃப்லா கேட்டாள்:

"அப்ப உம்மா கடைசியா என்ன சொன்னா? என்னப் பத்தி ஏதும் சொன்னாவா?"

கமறியா வாயைத் திறந்தாள். 'என்ட மகள் சொன்னா உம்மா கேப்பன்' என்ற வார்த்தை நாக்கு நுனியில் நின்றது. அதைச் சொன்னால் மற்றதும் தெரிந்துவிடும்.

"ஒண்டும் சொல்லல்ல மகள்" என்றாள்.